கழிப்பறை உண்டு, சாவி யாரிடம்?

பணியிடங்களை ஆய்வு செய்ய வருகிறவர்களின் கையில் ஒரு படிவம் இருக்கும். அதில் "பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உள்ளதா?" என்றொரு கேள்வி இருக்கும். எதிரே இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. முதலாளியோ மேலாளரோ கதவைக் காட்டுவார். வந்தவர் "ஆம்" என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டுப் போவார். அவர் பொய் எழுதவில்லை. கழிப்பறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் சாவி, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆணின் மேசை டிராயரில் கிடக்கிறது என்பதைச் சொல்ல அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. சாவி கேட்டால் "இப்பத்தான போன?" என்று நாலு வாடிக்கையாளர் முன்னால் அவர் கேட்பதைச் சொல்லக் கட்டம் இல்லை. தூரமான நாளில் இரண்டாம் முறை போய்ச் சாவி கேட்க முடியாமல் ஒரு பெண் ஒரே நாப்கினோடு பத்து மணி நேரம் நின்றதைச் சொல்லவும் கட்டம் இல்லை.

செஞ்சிக் கடைத்தெருவில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் பெண் என்னிடம் சொன்னாள்: "நிக்கிறதுகூடப் பழகிடுச்சுக்கா. தண்ணி குடிக்காம இருக்கிறதுதான் பழக மாட்டேங்குது." காலையில் வீட்டில் ஒரு டம்ளர் காப்பி. அதன்பிறகு மதியச் சோற்றோடு இரண்டு மடக்குத் தண்ணீர். சித்திரை வெயிலிலும் அவ்வளவுதான். தண்ணீர் குடித்தால் சாவி கேட்க வேண்டும். சாவி கேட்டால் பேச்சு வாங்க வேண்டும். நீர்க்கடுப்புக்கு மாதம் தவறாமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறாள். அவள் சொன்னதை "உள்ளதா? ஆம் / இல்லை" என்ற கேள்வி ஒருநாளும் கேட்டு வாங்கியிருக்காது.

பணியிடக் கொள்கைகளை வகுப்பவர்களுக்கு எதிராக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்பது என் வாதமல்ல. பெண்கள் சொல்லைக் கேட்காமலேயே பெண்களின் வேலையைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்புகிற ஒரு பழக்கம் அரசு அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் ஊறிப்போயிருக்கிறது. நான் சண்டை போடுவது அந்தப் பழக்கத்தோடு.

நான் செஞ்சிக்காரி. சமூகப்பணி படித்தவள். சில ஆண்டுகளாக இந்த வட்டாரத்தில் கடைக்கும், தனியார் பள்ளிக்கும், மருத்துவமனைக்கும், நெல் காயவைக்கும் களத்துக்கும், வெளியூர்த் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போகும் பெண்களோடு உட்கார்ந்து பேசி, பேசியதை எழுதிவைத்து, திரும்பத் திரும்ப வருகிற விஷயங்களை அடையாளம் கண்டு அடுக்கிப் பார்க்கிறேன். கல்லூரியில் இதற்குப் பண்புசார் ஆய்வு என்று பெயர். எத்தனை பேர், எத்தனை சதவீதம் என்று எண்ணுவதோடு நிற்காமல், எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது, நடப்பவளுக்கு அது என்னவாக இருக்கிறது என்று கேட்கிற ஆய்வு. நேர்காணல், குழு உரையாடல், கூடவே இருந்து கவனித்தல் என்று அதற்குச் சில முறைகள் உண்டு. கேட்டதை ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி சொன்னதோடு ஒப்பிட வேண்டும். தன் முடிவுக்கு எதிராக யாராவது பேசியிருக்கிறாளா என்று தேடிப் பார்க்க வேண்டும். அரட்டையும் ஆய்வும் வேறுபடுவது இந்த ஒழுங்கில்தான்.

ஆனால் ஊரில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது. புலம்பல். "பொம்பளைங்க நாலு பேர் சேர்ந்தா புலம்பத்தானே செய்வாங்க?" மேலாளர்கள் கூட்டத்தில் இதையே நாகரிகமாகச் சொல்வார்கள்: "இதெல்லாம் தனிப்பட்ட அனுபவம் மேடம், டேட்டா இருக்கா?" ஆண் மேற்பார்வையாளர் "லைன்ல பொண்ணுங்க அடிக்கடி எழுந்து போறாங்க" என்றால் அது தகவல், உடனே டோக்கன் முறை வந்துவிடும். அந்தப் பெண்கள் ஏன் எழுந்து போகிறார்கள் என்று அவர்களே சொன்னால் அது புலம்பல். யாருடைய பேச்சு தகவல், யாருடைய பேச்சு புலம்பல் என்று பிரித்து வைத்திருப்பது ஆய்வு முறையின் சிக்கல் அல்ல. அது அதிகாரத்தின் சிக்கல்.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். ஒரு தொழிற்சாலையின் பெயரைச் சொல்லாமல் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இளம்பெண்களைப் பேருந்து வைத்து அழைத்துப்போகிறார்கள். வேலையை விட்டு நின்றவர்களின் பதிவேட்டில் காரணம் என்ற பத்தியில் வரிசையாக ஒரே சொல்: "சொந்தக் காரணம்." இதைக் கொண்டு நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது. கிராமத்துப் பெண்களுக்கு வேலையில் பிடிப்பு இல்லை, கல்யாணம் வந்தால் போய்விடுவார்கள் என்று. பிடிப்பை உண்டாக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊக்க வகுப்பு நடத்தினார்கள். நடுவில் யோகாவும் இருந்தது.

நின்றுபோன பெண்களில் சிலரை அவர்கள் வீட்டுத் திண்ணையில் பார்த்துப் பேசினேன். பேருந்து ஊர் நிறுத்தத்தில் நிற்கிறது. காலனிக்குத் திரும்பும் முனையில் நிற்பதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து இறங்கினால் ஊர்த்தெருவைக் கடந்து, விளக்கில்லாத ஏரிக்கரையில் முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஊர்ப் பையன்கள் பாலத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் ஒருத்தியின் துப்பட்டாவை இழுத்தார்கள். அடுத்த வாரம் அந்தத் தெருவிலிருந்து யாரும் வேலைக்குப் போகவில்லை. பதிவேட்டில் அது "சொந்தக் காரணம்." சாதி, இருட்டு, பேருந்து ஓட்டுநர் யார் சொல்லைக் கேட்டு எங்கே நிறுத்துகிறார் என்கிற ஊர் அரசியல் எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் புதைந்து கிடந்தன. தீர்வு ஊக்க வகுப்பு அல்ல. பேருந்தை இன்னும் முக்கால் கிலோமீட்டர் ஓட்டுவது. டீசல் செலவு யோகா ஆசிரியரின் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். கேட்காததால் வந்த விலை இது. அதைக் கொடுத்தது நிர்வாகம் அல்ல, அந்தப் பெண்கள்.

இது சின்ன ஊரின் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 2012 செப்டம்பரில் கராச்சியில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலையில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி. வெளியேறும் வழிகள் பூட்டியிருந்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்குச் சர்வதேசச் சமூகத் தரச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. தணிக்கை நடந்தது, படிவம் நிரம்பியது, சான்றிதழ் வந்தது. எந்தக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும் என்று தினமும் அங்கே வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அவர்களை அச்சமில்லாத ஓர் இடத்தில் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் சான்றிதழே வந்திருக்காது.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணி தைக்கும் ஆலையொன்றில் வேலை பார்த்த இருபது வயது தலித் பெண் கொல்லப்பட்டாள். அவளுடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அந்த ஆலையையும் தணிக்கையாளர்கள் பார்த்திருக்கிறார்கள். பெரிய பிராண்டுகளுக்குத் தைக்கும் எந்த ஆலைக்கும் தணிக்கை வராமல் இருக்காது. பிறகு தொழிலாளர் உரிமை அமைப்பினர் பெண்களை ஆலைக்கு வெளியே, மேற்பார்வையாளர் கண்ணில் படாத இடங்களில் சந்தித்துப் பேசினார்கள். அப்போதுதான் வெளிவந்தது: அந்தக் கொலை தனித்த நிகழ்ச்சி இல்லை, கெட்ட வார்த்தையும் சீண்டலும் அங்கே வேலை வாங்கும் முறையாகவே இருந்தன என்று. உற்பத்தி இலக்கும் ஏச்சும் ஒரே கயிற்றின் இரண்டு புரிகள் என்று அந்தப் பெண்கள் விளக்கினார்கள். இதை விளக்க அவர்களைவிடத் தகுதியான நிபுணர் யாரும் இல்லை.

அதன் விளைவு ஒரு கட்டுரையோடு நின்றுவிடவில்லை. பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆசியத் தரைக்கூலிக் கூட்டமைப்பு முதலியவற்றோடு சேர்ந்து போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்சும், துணி வாங்கும் ஹெச் அண்ட் எம் நிறுவனமும், பின்னர் கேப், பிவிஹெச் நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. அதன் உயிர்நாடி எது தெரியுமா? 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம், தொழிலாளர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட தளக் கண்காணிப்பாளர்கள். தைக்கிற இடத்திலேயே நின்று தினமும் கேட்கிற காதுகள். முதல் ஆண்டிலேயே 185 முறையீடுகள் எழுந்தன, பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. நிறுவனங்களின் கணக்குப்படி முறையீடு கூடுவது ஆபத்து. என் கணக்குப்படி, முறையீடு எழ முடிகிறது என்பதே அங்கே பணியிடம் மாறத் தொடங்கியதன் முதல் சாட்சி. "பாலியல் தொல்லைப் புகார்கள்: 0" என்று ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்ளும் நிறுவனத்தை நான் நம்புவதில்லை. அந்தச் சுழியத்துக்குள் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று போய்க் கேட்கத் தோன்றும்.

இனி, எப்போதும் வரும் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். "நாலு பேர் சொன்னதை வைத்துக்கொண்டு நாலாயிரம் பேருக்கான விதியை எப்படி எழுத முடியும்?"

இந்தியாவில் பணியிடப் பாலியல் வன்முறைக்கு எதிரான சட்டம் நாலு பேர் சொன்னதிலிருந்துகூட வரவில்லை. ராஜஸ்தானில் அரசுத் திட்டமொன்றில் 'சாத்தின்' என்ற களப்பணியாளராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வன்புணர்ச்சிக்கு ஆளானார். தனக்கு நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவர் சொல்வதை நிறுத்தவில்லை. அவருக்கு நேர்ந்தது வேலையினால் நேர்ந்தது, ஆகவே வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பு உண்டு என்று பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதில் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. 2013இல் சட்டம் வந்தது. அந்தப் பாதையின் தொடக்கத்தில் கருத்துக் கணிப்பு எதுவும் இல்லை. ஒருத்தி சொன்னாள், கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டார்கள்.

எண்ணிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறாள், அப்படி ஈடுபடும் ஆண் 97 நிமிடம் செலவிடுகிறான் என்று சொன்னது. அந்த எண்ணை நான் கூட்டங்களில் ஆயுதமாகப் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? வீட்டுவேலையும் வேலைதான் என்று பல பத்தாண்டுகளாகப் பெண்கள் இயக்கம் சொல்லிச் சொல்லித்தான், அதையும் அளக்க வேண்டும் என்று அரசுக்குத் தோன்றியது. 1980களின் இறுதியில் எலா பட் தலைமையில் அமைந்த தேசிய ஆணையம் ஊர் ஊராகப் போய் பீடி சுற்றுகிறவளையும் தலைச்சுமைக்காரியையும் மீன் விற்கிறவளையும் கேட்டது. 1988இல் வந்த அதன் 'ஷ்ரமசக்தி' அறிக்கை, கணக்கிலேயே வராத பெண்களின் உழைப்பைக் கணக்குக்குள் கொண்டுவர வாதாடியது. என்ன எண்ண வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்காமல் எண்ணினால் கழிப்பறைக் கதவுகளை எண்ணிக்கொண்டிருப்போம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கேட்டு எழுதிய சட்டமும், எழுதியபின் கேட்பதை நிறுத்தினால் செத்துப்போகும். உட்காரும் உரிமை அதற்குச் சாட்சி.

கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி, மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்யும் பெண்களைத் திரட்டிப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். அவர்கள் முதலில் பேசியதும் கழிப்பறையைப் பற்றித்தான். அந்தப் பேச்சிலிருந்துதான் நாள் முழுக்க நிற்பதைப் பற்றிய பேச்சு வளர்ந்தது. 2014 இறுதியில் திருச்சூரில் துணிக்கடைப் பெண்கள் இதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. 'அங்காடித் தெரு' படம் 2010இலேயே காட்டிய நிற்கும் கால்களுக்கு, பதினோரு ஆண்டு கழித்துச் சட்டத்தில் நாற்காலி கிடைத்தது. நான் அந்தச் செய்தியைப் படித்து மகிழ்ந்தவள்தான்.

ஆனால் அந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். வேலைக்கு நடுவில் உட்காரும் வாய்ப்பு ஏற்படும்போது உட்கார்ந்துகொள்ள வசதியாக இருக்கைகள் இருக்க வேண்டும் என்கிறது. வாய்ப்பு ஏற்பட்டது என்று யார் முடிவு செய்வது? செஞ்சியில் நான் பேசிய கடைப் பெண்கள் சொன்ன பதில்: "கேமரா." ஸ்டூல் வந்துவிட்டது. உட்கார்ந்தால் கேமராவில் தெரியும். "சும்மா உக்காந்திருக்க நேரம் இருக்கில்ல, அந்த ரேக்கை அடுக்கு" என்று மைக்கில் குரல் வரும். ஆகவே ஸ்டூலில் புடவைக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர் வந்தால் ஸ்டூல்களை எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருக்கும். மாதம் ஒருமுறை கடைக்கு வெளியே அந்தப் பெண்களோடு அரைமணி நேரம் பேச ஒரு தொழிலாளர் அலுவலர் இருந்தால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் கட்டாய இருக்கை ஓய்வு என்று ஒரு விதி எப்போதோ வந்திருக்கும். வாய்ப்பு என்ற சொல் முதலாளிக்கு. பத்து நிமிடம் என்ற சொல் தொழிலாளிக்கு. இந்த வித்தியாசம் அவள் காலுக்குத்தான் தெரியும்.

கேட்காமலே சட்டம் எழுதினால் என்னவாகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தெழுந்தன. மே 1 அன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். வாரத்தில் நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று அதற்குச் சொன்ன நியாயத்தைக் கேட்டபோது எனக்கு ஒரே யோசனைதான்: இதை எழுதியவர்கள் ஒரு பெண் தொழிலாளியையாவது கேட்டிருப்பார்களா? பன்னிரண்டு மணி நேரத்தோடு போக வர மூன்று மணி நேரப் பேருந்தையும், விடியலில் தண்ணீர் பிடித்து உலை வைப்பதையும், இரவில் பாத்திரம் கழுவுவதையும் கூட்டினால் அவளுக்குத் தூங்க எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று அவளே விரல் விட்டுச் சொல்லியிருப்பாள். அந்த மூன்று நாள் ஓய்வு யாருடைய வீட்டில் யாருக்கு ஓய்வாக இருக்கும் என்பதையும் சொல்லியிருப்பாள்.

என் தரப்பிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. "நாங்களும் கேட்கிறோம்" என்று நிறுவனங்கள் இப்போது சொல்லத் தொடங்கிவிட்டன. மனிதவளத் துறை அறையில், கண்ணாடிச் சுவருக்குள், பத்துப் பெண்களை உட்காரவைத்து, மேலாளர் கதவோரம் நிற்க, "மனம் திறந்து பேசுங்கள், நாம் ஒரே குடும்பம்" என்கிறார்கள். குடும்பத்தில் மனம் திறந்து பேசினால் என்ன நடக்கும் என்று பெண்களுக்குத் தெரியாதா? யாரும் வாய் திறப்பதில்லை. "தொழிலாளர்கள் திருப்தியாக உள்ளனர்" என்று அறிக்கை போகிறது. அல்லது ஒருத்தி நம்பிப் பேசுகிறாள். அடுத்த மாதம் அவளுக்கு வேறு கிளை. இது கேட்பதல்ல. யார் பேசக்கூடியவள் என்று கண்டுபிடிக்கும் வேவு.

ஆய்வாளர்களுக்கும் இது பொருந்தும். சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து, பதிவுக் கருவியை முன்னால் வைத்து, இரண்டு மணி நேரம் அழவைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டம் வாங்கியிருப்பார்கள். சொன்னவளுக்கு அந்தப் புத்தகம் வந்ததுகூடத் தெரியாது. ஒருவருடைய வலியை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தராமல் இருப்பதற்கு ஆய்வு என்று பெயர் வைத்தால் மட்டும் அது நியாயமாகிவிடாது.

ஆகவே கேட்பதற்கும் நிபந்தனைகள் வேண்டும். பணியிடத்துக்கு வெளியே கேட்க வேண்டும். கேட்பவர் அந்த நிறுவனத்திடம் சம்பளம் வாங்குபவராக இருக்கக் கூடாது. ஊர்த்தெருப் பெண்ணையும் காலனிப் பெண்ணையும் ஒரே பாயில் உட்காரவைத்தால் இருவரும் பேசுவார்கள் என்று கனவு காணக் கூடாது. தனித்தனியே கேட்க வேண்டிய இடத்தில் தனித்தனியே கேட்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளியை மட்டும் கேட்டுவிட்டு ஒப்பந்தத் துப்புரவுப் பெண்ணை விட்டுவிடக் கூடாது. எல்லோருடைய கழிப்பறையையும் கழுவுகிற அவளுக்கு அதைப் பயன்படுத்த அனுமதி இல்லாத கட்டடங்கள் இருக்கின்றன. பேசும் நேரத்துக்குக் கூலி தர வேண்டும். பேசியவள் யாரென்று தெரியும் எந்தக் குறிப்பும் அறிக்கையில் இருக்கக் கூடாது. எழுதியதை அவர்களிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டி, "நீங்கள் சொன்னது இதுதானா?" என்று கேட்க வேண்டும். முக்கியமாக, நிர்வாகம் இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்: எதை ஏற்கிறோம், எதை ஏற்கவில்லை, ஏன். பதில் சொல்லும் கடமை இல்லாத கேட்பு வெறும் சடங்கு.

இப்போது இதையெல்லாம் செஞ்சியில் ஏன் பேசுகிறேன் என்றால், நேரம் அப்படி. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் ஒன்றே ஒன்று, எங்கள் செஞ்சி. ஊரே பெருமைப்பட்டது, நானும்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகளை இணைத்துக் கட்டிய மதிலையும் களஞ்சியத்தையும் கல்யாண மகாலையும் உலகம் பார்க்க வரப்போகிறது. எங்கள் ஊரின் வரலாறு எப்போதும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: யார் பிடித்தார், யார் இழந்தார், எத்தனை மாதம் முற்றுகை. தேசிங்கு ராஜன் கதைப்பாட்டில் அவன் குதிரைக்குக்கூடப் பாராசாரி என்று பேர் இருக்கிறது. அவன் மனைவி நினைக்கப்படுவது தீயில் இறங்கியதற்காக மட்டும். அந்தக் களஞ்சியத்துக்கு நெல் சுமந்த பெண்களுக்கும், மலைமேல் தண்ணீர் ஏற்றியவர்களுக்கும் பேரும் இல்லை, பேச்சும் இல்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்கப் போக இனி முடியாது.

ஆனால் அடுத்து வரப்போகிறவர்களைக் கேட்க முடியும். விடுதிகள் வரும், உணவகங்கள் வரும், கடைகள் பெருகும். அறை துடைக்கவும், பாத்திரம் கழுவவும், வரவேற்பு மேசையில் சிரித்துக்கொண்டு நிற்கவும் இந்த வட்டாரத்துப் பெண்களைத்தான் அழைப்பார்கள். அவற்றில் பல இடங்களில் பத்துப் பேருக்குக் குறைவாகவே ஆட்கள் இருப்பார்கள். 2013 சட்டப்படி அங்கே உள்ளகக் குழு கட்டாயமில்லை. அந்தப் பெண்களின் புகாரை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு விசாரிக்க வேண்டும். புகாரை வாங்கி ஏழு நாளுக்குள் அந்தக் குழுவுக்கு அனுப்ப ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பொறுப்பு அலுவலர் நியமிக்கப்பட வேண்டும். இதெல்லாம் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. சட்டம் வந்து பத்து ஆண்டு கழித்து, 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே அது நடைமுறையாவதில் கடுமையான குறைகள் இருப்பதாகக் கண்டித்தது. செஞ்சியில் நான் பேசிய பெண்களில் ஒருவருக்கும் இப்படி ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்பதே தெரியவில்லை. "போலீஸ் ஸ்டேஷன் போவணும், இல்லன்னா வேலைய வுடணும்" என்று ஒரு பெரியம்மா சொன்னார். அவருக்குத் தெரிந்த வழிகள் அவ்வளவே.

எனவே எங்கள் கோரிக்கை இது. உள்ளூர்க் குழு உறுப்பினர்களின் பெயரும், செஞ்சி வட்டப் பொறுப்பு அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பேருந்து நிலையத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் கோட்டை வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும். சுற்றுலாவுக்கான எந்தத் திட்டத்திலும், எத்தனை அறை, எத்தனை வாகன நிறுத்தம் என்ற வரைபடம் வருவதற்கு முன்னால், இங்கே ஏற்கெனவே வேலை செய்யும் பெண்களோடு மேலே சொன்ன நிபந்தனைகளின்படி பேச வேண்டும். அவர்கள் சொன்னதும், அதற்கு நிர்வாகம் சொன்ன பதிலும் பேரூராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். தொழிலாளர் துறையின் ஆய்வுப் படிவத்தில், கழிப்பறை உள்ளதா என்ற கேள்விக்குக் கீழே இன்னும் மூன்று கேள்விகள் சேர்க்கப்பட வேண்டும்: சாவி யாரிடம் இருக்கிறது? நாளுக்கு எத்தனை முறை தண்ணீர் குடிக்கிறீர்கள்? இதற்குப் பதில் சொல்லும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

இவற்றைத் தயாரிக்க ஆலோசனை நிறுவனம் தேவையில்லை. கடை சாத்தும் நேரத்துக்குப் பிறகு, பேருந்து வரும்வரை நிழற்குடையில் காத்திருக்கும் பெண்களிடம் எல்லாப் பதிலும் இருக்கிறது. இதுவரை கேட்காதவர்கள், கேட்காமல் எழுதிய கொள்கைகளை எடுத்துக்கொண்டு எங்களிடம் ஒத்துழைப்பு கேட்டு வர வேண்டாம்.